அடுப்பங்கரைக்குக் கீழே

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் வீட்டுச் சுவரில் விழுந்த விரிசலிலிருந்து வந்தது. கற்பனை வளம் என்று நீங்கள் பாராட்ட வேண்டாம்.

முதலில் எழுதிய தொடக்கம்: ‘மண்ணுக்கடியில் நீலக்கற்கள் கனவு கண்டுகொண்டிருந்தன...’

(அடித்துவிட்டேன். கல் கனவு காணாது. எங்கள் ஊரில் அதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள்.)

2
கதாநாயகன் என் மனைவியின் அண்ணன். கல் தோண்டுகிறவன், ஊர் வைத்த பெயர் பெருச்சாளி. குழியில் இறங்கிப் பக்கவாட்டில் குடைந்து சரளையை மேலே அனுப்புவான். கழுவிப் பார்த்தால் கல் இருக்கும். பெரும்பாலும் இருக்காது.

குடைந்த தூரத்தைப் பிக்காசுக் காம்பால் அளப்பது இங்கே வழக்கம். எங்கள் வேலிவரை நாற்பது காம்பு. இருபதாவதில் காம்பு முறிந்தது. புதுக் காம்பு ஒரு சாண் அதிக நீளம். அதை மறந்து நாற்பது எண்ணிவிட்டான். தலைக்கு மேலே தங்கை உலக்கை போடும் சத்தம் கேட்டபிறகுதான் அவனுக்கு இடம் புரிந்தது.

3
(இங்கே இந்தப் பாத்திரத்தை நம்ப முடியவில்லை. ‘உடனே திரும்பினான்’ என்று எழுதி நல்லவனாக்கிவிடலாம். ஆனால் அங்கேதான் சரளையில் நீலம் மின்னியது.)

என்னிடம் மட்டும் சொன்னான்.

“மாப்ள, நாலே நாள். கல்ல எடுத்துட்டு மண்ணப் போட்டு மூடிடறேன். தங்கச்சிகிட்ட மூச்சு விடாதீங்க.”

“கட்டை முட்டுக் குடுத்திருக்கீங்களா மச்சான்?”

“பாதி தூரத்துக்குக் குடுத்திருக்கேன்.”

விரிசலைக் கண்ட என் மனைவி அவனிடமே கேட்டாள். “அண்ணே, கீழ ஏதோ சத்தம் கேக்குதே?”

“எலியா இருக்கும்மா.”

நானும் ஆமாம் போட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.*

*இது நடந்து பதினோரு நாள் ஆகிறது.

4
முடிவு ஒன்று: பெரிய கல் கிடைக்கிறது, எல்லோரும் சிரிக்கிறார்கள்.

முடிவு இரண்டு: ஒரு காலையில் அவள் அடுப்பைப் பற்றவைக்கும்போது தரை—

எழுத முடியவில்லை. பயமாக இருக்கிறது. நேரில் சொல்லவும் எனக்குத் துப்பில்லை.

5
மற்ற வாசகர்கள் மன்னிக்க வேண்டும். நான் எழுதுவதை முதலில் படிப்பவள் நீதான். என்னையும் உன் அண்ணனையும் என்ன செய்வது, அந்தக் கல்லை என்ன செய்வது, எல்லாம் உன் விருப்பம். அதை நான் எழுதப்போவதில்லை.

முதலில் நம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வா. நான் தெருவில்தான் நிற்கிறேன்.