விழுந்ததுக்கும் எழுந்ததுக்கும் சரியாப் போச்சு

எங்க வீட்டுக்காரருக்கு ஒரு வியாதி. யாரையும் பார்த்து, "நீ தோத்துட்டே"ன்னு சொல்ல அவருக்கு வாய் வராது. பேர நான் சொல்லக்கூடாது. டிராம்ல போறவங்க "கார்த்திகேசு அண்ணே"ன்னு கூப்பிடுவாங்க, நீங்களும் அப்படியே வச்சுக்குங்க. கப்பல் வந்து நிக்கிற ஜெட்டியிலேருந்து ஆயர் ஈத்தாம் போற டிராம்ல கண்டக்டரு. டிக்கெட் எடுக்காதவனக்கூட, "மறந்திருப்பீங்க தம்பி"ன்னுதான் கேப்பாரு.

டத்தோ கிராமாட்ல எங்க வரிசையில எந்த வீட்டுல சண்டை வந்தாலும், இவரு வேலை முடிஞ்சு வர்ற வரைக்கும் வாய மூடிக்கிட்டு காத்திருப்பாங்க. சந்திரிகா வீட்டு நங்கா மரம், அதான் பலா மரம், பக்கத்து வீட்டுப் பக்கம் சாஞ்சு காய்ச்சுது. பழம் யாருக்குன்னு ரெண்டு பொம்பளைங்களும் குடுமிப்பிடிச் சண்டை. இவரு போனாரு, மரத்த சுத்திப் பார்த்தாரு. வேர் இருக்கிற வீட்டுக்குப் பாதி, நிழல் விழுற வீட்டுக்குப் பாதின்னுட்டாரு. திட்டிக்கிட்டு வந்தவங்க சிரிச்சுக்கிட்டே போனாங்க. உண்மையில பழம் யாருக்குச் சேரணும்ங்கிறது மட்டும் இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது.

இந்த மனுசனத்தான் குத்துச்சண்டைக்கு மார்க் போடக் கூப்பிட்டாங்க.

சனிக்கிழமை சாயங்காலம் பார்க்குல குத்துச்சண்டை நடத்துறவரு அப்துல் ரசாக். அதுக்கு முந்தின மாசம் ஒரு சீனப் பையனுக்கும் சயாம்காரனுக்கும் நடந்த சண்டையில தீர்ப்பு சரியில்லன்னு ஜனங்க நாற்காலிய எல்லாம் தூக்கி வீசிட்டாங்க. அதுல அவரு தலைக்கே தையல். அதனால எல்லா ஜாதி சனமும் நம்புற ஆளா ஒருத்தர் வேணும்னு தேடி, எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னாரு. மார்க் போடுறது மூணு பேரு. ஒரு வெள்ளக்காரத் துரை, ஒரு சீன முதலாளி, தவுக்கேன்னு சொல்லுவோம், மூணாவது எங்க வீட்டுக்காரரு.

அதுல ஒரு சிக்கல். சண்டை போடப் போறது என் கூடப் பொறந்த தம்பி முனுசாமி. குடோன்ல மூட்டை தூக்குறவன். அவன எதுத்து ஹனீபா, கப்பல் சரக்கு ஏத்தி எறக்குற தொங்கான் படகுல வேலை செய்ற பையன். ஜெயிக்கிறவனக் கப்பலேத்தி சிங்கப்பூருக்கு அனுப்புவாங்க, அங்க பெரிய மேடையில சண்டை. முனுவுக்கு ராப்பகலா அதே கனவு. மூட்டை தூக்கியே முதுகு வளைஞ்சு போன எங்கப்பன் மாதிரி ஆகிடக்கூடாதுன்னு, வேலை விட்டு வந்ததும் மணல் சாக்க உத்தரத்துல கட்டித் தொங்கவிட்டுக் குத்திக்கிட்டே இருப்பான்.

"மச்சினனுக்கு நான் எப்படி மார்க் போடுறது?"ன்னு இவரு தயங்குனாரு. அதுக்கு ஹனீபாவோட மாமா ஷேக் அலாவுதீன் என்ன சொல்லி அனுப்புனாரு தெரியுமா? சூலியா தெருவுல சோத்துக்கடை வச்சிருக்கிறவரு, பையனுக்கு எல்லாம் அவருதான். "கார்த்திகேசு அண்ணன் எங்களுக்கு அநியாயம் பண்ண மாட்டாரு, அவரே இருக்கட்டும்"னுட்டாரு. எதிராளியே நம்புறான்னு எனக்கு ஒரே பெருமை. அந்தப் பெருமை ஒரு சனிக்கிழமை வரைக்கும்தான் தாங்குச்சு.

சந்திரிகாவக் கூட்டிக்கிட்டு நானும் போயிருந்தேன். பொம்பளைங்களுக்கு ஒரு ஓரமா பெஞ்சு போட்டிருந்தாங்க. சண்டை எட்டு ரவுண்டு. என் தம்பி ஆடுன ஆட்டத்த என்ன சொல்ல. மூணாவது ரவுண்டுல ஹனீபா விழுந்தான், எழுந்தான். ஏழாவதுல திரும்ப விழுந்தான், எழுந்தான். முனு மேல ஒரு கீறல் கிடையாது. கண்ணு தெரியாதவங்ககூடச் சொல்லிருவாங்க யாரு ஜெயிச்சான்னு.

துரை முனுவுக்குப் போட்டாரு. தவுக்கே, ஹனீபாதான் விடாம முன்னால முன்னால போனான்னு அவனுக்குப் போட்டாரு. சரி, நம்ம ஆளு இருக்காருன்னு நான் முந்தானைய இழுத்துச் சொருகிக்கிட்டு உக்காந்திருக்கேன். இவரு டிரான்னுட்டாரு.

நாற்காலி பறந்துச்சு. ரெண்டு பக்கமும் சேர்ந்து வீசுனாங்க, அதுல மட்டும் ஒத்துமை. சிங்கப்பூர் டிக்கெட் யாருக்கும் இல்லேன்னுட்டு அப்துல் ரசாக் மேசைக்கு அடியில பூந்துக்கிட்டாரு.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன், "ரெண்டு தடவ விழுந்தானே, அது உங்க கண்ணுல படலயா?"

"பட்டுச்சு புஷ்பம். ரெண்டு தடவ விழுந்தான், ரெண்டு தடவயும் எழுந்துட்டான்ல? விழுந்ததுக்கும் எழுந்ததுக்கும் சரியாப் போச்சு."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்ல. இப்படி ஒரு கணக்க எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சாரோ. கத்துனா அடுத்த வீட்டுக்குக் கேக்கும்னு, வேற வழியில வச்சுக்கிட்டேன். மறுநாள் காலையில அரை கிளாஸ் காப்பி. மத்தியானம் மீனுல வால் பக்கம் மட்டும். டிராமுக்குப் போற நேரத்துல சட்டைக்குப் பாதி வரைக்கும் இஸ்திரிப் பெட்டி போட்டு வச்சேன், வலது கை விறைப்பா, இடது கை கசங்கி. "என்ன புஷ்பம் இது?"ன்னாரு. "டிரா"ன்னேன். பாவம், அப்படியே மாட்டிக்கிட்டுப் போனாரு. அன்னிக்கு டிராம்ல ஏறுனவங்க எல்லாம் சட்டையப் பார்த்துக் கேட்டு, டத்தோ கிராமாட் பூரா சிரிச்சுது.

முனு மட்டும் சிரிக்கல. வந்தான், சாப்பிட்டான், போனான். மணல் சாக்குப் பக்கம் திரும்பியே பாக்கல. எனக்கு அதப் பார்க்கத்தான் பொறுக்கல.

ஒரு வாரம் போயிருக்கும். ஷேக் அலாவுதீன் வீட்டுக்கே வந்துட்டாரு, கையில ஒரு பொட்டலம் அல்வாவோட. அதே சிங்கப்பூர் டிக்கெட்டுக்குத் திரும்ப ஒரு சண்டை வைக்கப் போறாங்களாம்.

"அண்ணே, நீங்களே மார்க் போடணும். ஆனா ஒண்ணு. போன தடவ எங்க பையன் தோத்தான்னு எங்களுக்கே தெரியும்லா. நீங்க நல்ல மனசுல டிரா குடுத்தீங்க. அவன் இப்ப தெருவுல தலைகாட்ட முடியல. கார்த்திகேசு அண்ணன் பிச்சை போட்டாருன்னு படகுல எல்லாரும் கேலி பண்றாங்க. தோத்திருந்தா ரெண்டு நாள்ல மறந்திருப்பாங்க."

எங்க வீட்டுக்காரரு முகம் அப்படியே சுண்டிப் போச்சு. ரெண்டு பக்கமும் சந்தோசமாப் போகணும்னுதானே இத்தன வருசமா பாதி பாதியாப் பிரிச்சுக் குடுத்தாரு. பாதி குடுத்தா ரெண்டு பேருக்கும் வலிக்கும்னு அவருக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. "நான் வரல பாய், வேற யாரையாவது பாருங்க"ன்னாரு.

நான் விடல. சாமி படத்துக்கு முன்னால கற்பூரம் ஏத்துனேன். "நீங்கதான் போறீங்க. இந்தத் தடவ ஒருத்தன் ஜெயிக்கணும், ஒருத்தன் தோக்கணும். யாரு தோத்தான்னு சொன்னாலும் நான் வாயத் திறக்க மாட்டேன், இது சத்தியம். திரும்ப டிரான்னு வந்தீங்கன்னா நான் தாசேக் கெலுகோருக்கு எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன்"னேன். ஷேக் அலாவுதீன் பாய் சாட்சி.

உள்ளதச் சொல்றேன், முனுதான் ஜெயிப்பான்ங்கிற தைரியத்துல பண்ண சத்தியம் அது.

தம்பிக்குத் தினமும் ஆட்டுக்கால் சூப்பு, ரெண்டு முட்டை. முனுவும் திரும்ப சாக்கக் குத்த ஆரம்பிச்சான். சனிக்கிழமை பார்க்குல நிக்க இடமில்ல. வீசுறதுக்கு வசதியா இருக்கக்கூடாதுன்னு அப்துல் ரசாக் நாற்காலிய எல்லாம் கயித்தால சேர்த்துக் கட்டி வச்சிருந்தாரு.

மொத ரெண்டு ரவுண்டு என் தம்பிதான். நான் சந்திரிகா தொடையக் கிள்ளிக் கிள்ளி புண்ணாக்கிட்டேன். ஆனா ஹனீபா பழைய ஹனீபா இல்ல. முனுவோட இடது கை வர்ற வழி அவனுக்கு மனப்பாடம் ஆகியிருந்துச்சு. அது வர்றதுக்கு முன்னாலேயே நகர்ந்துக்குவான், நகர்ந்த இடத்துலேருந்து விலாவுல ஒண்ணு வைப்பான். ஒவ்வொண்ணும் எனக்கு விழுந்த மாதிரி இருந்துச்சு. போகப் போக முனுவோட கை கீழ எறங்குச்சு. விழல, அவன் விழவே இல்ல. கடைசி மணி அடிக்கிற வரைக்கும் நின்னான்.

துரை திரும்ப முனுவுக்கே போட்டாரு. தவுக்கே ஹனீபாவுக்கு. ரெண்டு பேரும் போன தடவ போட்ட மாதிரியே. எல்லாத் தலையும் எங்க வீட்டுக்காரரு பக்கம் திரும்புச்சு. சீட்டுல எழுதிக் குடுத்தாப் போதும், ஆனா அவரு எழுதல. எழுந்து நின்னாரு.

ஹனீபா ஜெயிச்சான்னு சொல்லிட்டு உக்காந்திருக்கலாம், அது சுலபம். மனுசன் அப்படிச் சொல்லல.

"முனுசாமி தோத்துட்டான்"னாரு. எல்லாருக்கும் கேக்குற மாதிரி திரும்பச் சொன்னாரு. "என் மச்சினன் முனுசாமி தோத்துட்டான்."

நாற்காலிய அவுக்க ஒருத்தனும் குனியல. பொண்டாட்டி ஓரத்துல உக்காந்து பார்த்துக்கிட்டிருக்கும்போது இதச் சொன்னவன் பொய் சொல்ல மாட்டான்னு ஜனங்களுக்குத் தெரிஞ்சு போச்சு. அப்புறம் கைதட்டுனாங்க பாருங்க, எதிர்ல நின்ன டுரியான் கடைக்காரன் கூட எட்டிப் பார்த்தான்.

முனு மேடைய விட்டு எறங்கி நேரா இவருகிட்டதான் வந்தான். ஒதடு வீங்கி ஒரு பக்கம் தொங்குது. என்ன சொல்லப் போறானோன்னு நான் பெஞ்ச விட்டு எழுந்து ஓடுனேன்.

"மாமா, நெசமாத்தான் தோத்தேனா?"

"நெசமாத்தான் முனு. அவன் உன் இடது கையப் படிச்சுட்டான்."

முனு தலைய ஆட்டுனான். "போன தடவ நீங்க டிரான்னு சொன்னதுலேருந்து நான் தூங்கல மாமா. ஜெயிச்சேனா தோத்தேனான்னு எனக்கே தெரியல. குத்துறதா வேணாமான்னும் தெரியல. இன்னிக்குத் தூங்குவேன். நாளையிலேருந்து வலது கையப் பழகணும்." அப்புறம் என் பக்கம் திரும்பி, "அக்கா, சூப்பு மட்டும் கொஞ்சம் கொறைச்சுக்க, ஓட முடியல"ன்னான். வீங்குன ஒதட்ட வச்சுக்கிட்டு சிரிக்கவும் செஞ்சான். ஹனீபா பின்னாலேருந்து வந்து அவன் கழுத்தக் கட்டிக்கிட்டான், ரெண்டு பேரும் ஷேக் அலாவுதீன் பாய் கடைக்குச் சாப்பிடப் போயிட்டாங்க.

நாங்க ரெண்டு பேரும் நடந்தே வீட்டுக்குத் திரும்புனோம். இன்னும் வெளிச்சம் இருந்துச்சு. நான் ஒரு வார்த்த பேசல. இவரு என்னை ஓரக்கண்ணால பார்த்துக்கிட்டே வந்தாரு.

"சத்தியத்துக்காகப் பேசாம வர்றியா புஷ்பம், இல்ல கோவமா?"

நான் முன்னால பார்த்துக்கிட்டே கேட்டேன். "முனுவோட கை எந்த ரவுண்டுல எறங்குச்சு?"

"ஆறாவதுல."

"இல்ல." சிங்கப்பூர் கப்பல், பெரிய மேடை, எங்கப்பனோட முதுகு, எல்லாம் கண்ணு முன்னால வந்து நின்னுச்சு. என் தம்பி தோத்தான்னு என் வாயால சொல்றதுக்கு எனக்கு அந்தத் தெருக் கடைசி வரைக்கும் நடக்க வேண்டியிருந்துச்சு. அத்தன பேரு முன்னால நின்னு அவரு என்ன பாடு பட்டிருப்பாருன்னு அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது.

"அஞ்சாவதுலயே எறங்கிருச்சுங்க. நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்"னேன்.

இவரு ரோட்டுல நாலு பேரு பார்க்க என் கையப் பிடிச்சுக்கிட்டாரு, நானும் விடச் சொல்லல.