ஏழு கிலோவுக்குள் ஒரு கேமரா

"ஆறு மணிக்கு ஒருத்தர் வராரும்மா. ரெண்டுல எதுன்னு அதுக்குள்ள சொல்லிடுங்க. மிச்சம் இருக்கறது அவருக்கு," என்று சொல்லிவிட்டுக் கடைக்காரர் தராசை மேசைமேல் வைத்தார்.

சுவர்க்கடிகாரத்தில் ஐந்தே முக்கால். அக்கா மேசையில் இருந்த இரண்டு கேமராக்களையும், கருப்பையும் மரத்தையும், மாறி மாறிப் பார்த்தாள்.

ஒன்பது வருடமாக, வருடத்துக்கு ஒரு முறை, மலைமேல் அதே இடத்தில் நின்று எதிரே இருக்கும் பாறைச் சுவரைப் படம் எடுத்து வருகிறாள். உள்ளங்கை அளவுத் தாள் ஃபிலிமில் எடுக்கிற பெரிய கேமரா அது. நாலு கிலோவுக்கு மேல் கனக்கும் இரும்பு. அதைச் சுமந்தவள் தங்கை. அவள் பேருந்து ஓட்டுநர். இந்த வருடம் அவளுக்கு ஏழு மாதம். அக்காவுக்கோ முதுகில் அறுவை நடந்து முழுசாக ஒரு வருடம் ஆகவில்லை. ஏழு கிலோவுக்குமேல் ஒரு கிராம்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார்.

அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடவும் வழியில்லை. பாதை போடுவதற்காக அந்தச் சுவருக்கு வெடி வைக்கப் போகிறார்கள். மலை ஏற நாளை ஒரு நாள்தான் அனுமதி.

ட்ரைபாட், லென்ஸ், ஃபிலிம் சட்டங்கள், தண்ணீர், குளிர்கோட்டு எல்லாம் சேர்ந்து சரியாக ஆறு கிலோ காட்டியது தராசு. கருப்புக் கேமரா ஒரு கிலோ. மரக் கேமரா இரண்டு கிலோவுக்கு மேல்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? கருப்ப எடு, கிளம்பலாம். எனக்குக் கால் கடுக்குது," என்றாள் தங்கை.

"உன்ன யாரு நிக்கச் சொன்னா? உக்காரு."

"உக்காந்தா எந்திரிக்க முடியலடி!"

அக்கா கருப்புக் கேமராவை ட்ரைபாடில் பூட்டி, தலைமேல் துணியைப் போர்த்திக்கொண்டாள். கண்ணாடித் திரையில் எதிர்க்கட்டடம் தலைகீழாகத் தொங்கியது. ஜன்னல் கம்பிகள் ஊசிமுனைபோலத் தெளிவாக இருந்தன. துணிக்குள் இருந்தபடியே கேட்டாள்: "அந்த டேபிள் ஃபேன கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பறீங்களா?"

"வேர்க்குதாம்மா?"

"எனக்கில்ல, கேமராவுக்கு."

காற்று கேமராவின் மடிப்புத் துருத்தியில் பட்டதுதான் தாமதம், திரையில் கம்பிகள் நடுங்கின. மலைமேல் காற்று இந்த விசிறியைப்போல நாலு மடங்கு அடிக்கும். மரக் கேமராவை மாட்டிப் பார்த்தாள். ஒரு கம்பிகூட அசையவில்லை.

"இது நிக்குது. ஆனா தூக்க முடியாது. அது தூக்கலாம், ஆனா நிக்காது."

"அப்ப போகவே வேண்டாம். ஒரு பாறைக்காக நீ மறுபடி படுக்கையில விழுந்தா யாரு பாக்கறது? நானா? என் வயித்த நானே பாக்க முடியாம இருக்கேன்."

கடிகாரத்தில் இன்னும் நாலு நிமிடம். வெளியே ஒருவர் குடையை மடக்கிக்கொண்டு கண்ணாடிக் கதவின் அருகே வந்தார்.

அக்கா பையைத் திறந்து ஃபிலிம் சட்டங்களை மேசைமேல் அடுக்கினாள். மொத்தம் பத்து. ஒன்றில் முன்னும் பின்னுமாக இரண்டு தாள். ஆக இருபது. ஒரே இடம், ஒரே சுவர், ஒரே படம். அதற்கு இருபது தாள். ஒன்பது வருடமாகத் தங்கை முதுகில் ஏற்றியதில் இரண்டு கிலோ தன்னுடைய பயம்தான் என்று அவளுக்கு உறைத்தது.

மற்ற சாமான்களோடு ஒரே ஒரு சட்டத்தை மட்டும் தராசில் விட்டு, மரக் கேமராவைத் தூக்கி அவற்றின்மேல் வைத்தாள். ஆறு கிலோ நானூறு.

"ரெண்டே தாளா? உனக்குப் பைத்தியமா?" என்றாள் தங்கை.

"மரம்தான் எனக்கு," என்றாள் அக்கா கடைக்காரரிடம். கதவு திறந்தது.

*

மறுநாள் மலைமேல் காற்று ஊளையிட்டது. தங்கை அடிவாரத்தில் காத்திருந்தாள். அக்கா குவியம் சரிபார்த்து, சட்டத்தைச் செருகி, அதன் மூடித் தகட்டை உருவினாள். உருவிய பிறகுதான் பார்த்தாள். லென்ஸை மூடவே இல்லை. வெளிச்சம் உள்ளே பாய்ந்து, முதல் தாள் போயே போய்விட்டது.

உட்கார்ந்து ஒரு மிடறு தண்ணீர் குடித்தாள். எழுந்து சட்டத்தைத் திருப்பிச் செருகினாள். லென்ஸை மூடினாள். மூடியிருக்கிறதா என்று விரலால் தடவினாள். நம்பாமல் இன்னொரு முறை தடவினாள். தகட்டை உருவினாள். காற்று ஓய்வதாக இல்லை. பொத்தானை அழுத்திவிட்டு, லென்ஸ் திறந்திருந்த அந்த முழு விநாடியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வீட்டுக் குளியலறையின் ஜன்னலை அடைத்து ஃபிலிமைக் கழுவும்போது தங்கை வெளியே இருந்து கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

"வந்துச்சா? ஏய், சொல்லித் தொலையேன்!"

அக்கா விளக்கைப் போட்டு, ஈரத் தாளைத் தூக்கிப் பிடித்தாள். கீழே புல் முழுக்கக் காற்றில் கலைந்து புகையாக இருந்தது. அதற்குமேல் சுவர், ஒவ்வொரு வெடிப்பையும் எண்ணிவிடுகிற மாதிரி, அசையாமல் நின்றது.

"வந்துருச்சு," என்று கதவைத் திறந்தாள். "மெதுவா வாடி, தரையெல்லாம் தண்ணி."