கதவு சாத்தியாச்சு

பேருந்துப் பணிமனையில் அவரை எல்லோரும் மைக் என்றுதான் கூப்பிடுவார்கள். தொண்டை அப்படி. வண்டிக்கு அடியில் நின்று பழுதுபார்க்கிற நான்காம் குழியிலிருந்து அவர் ஸ்பேனர் கேட்டால் வாசல் காவலாளி எடுத்துக்கொண்டு ஓடி வருவார் என்று கேலி பேசுவார்கள். அந்த மைக் ஒரு திங்கட்கிழமை காலை, பின்சக்கரத்துக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, மூச்சுக்காட்டாமல் வீல் நட்டுகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நட்டில் நான்கு, விரல் பட்டதுமே சுழன்றன.

இன்னும் அரை மணி நேரத்தில் அறுபது பேரை ஏற்றிக்கொண்டு கிளம்பவேண்டிய வண்டி. சக்கரத்தை மாட்டியவரின் கையெழுத்து அட்டையில் இருந்தது. கதவு போட்ட கையெழுத்து.

கதவு என்பது ஒரு ஆளின் பட்டப்பெயர். நாற்பத்தொரு வயது. அந்த ஊர் ரக்பி கிளப்புக்குப் பத்தொன்பது வருடமாக ஆடுகிறவர். கழுத்து எங்கே முடிகிறது, தோள் எங்கே ஆரம்பிக்கிறது என்று சொல்ல முடியாத உடம்பு. பந்தோடு வருகிற யாரும் அவரைத் தாண்டிப் போனதில்லை என்பதால் வந்த பெயர். அதை வைத்தவரே மைக்தான். பல வருடத்துக்கு முன்பு, தன்னைப் போல இரண்டு மடங்கு பருமனான ஒருவனைக் கதவு இடுப்பில் கட்டிப்பிடித்துச் சாய்த்தபோது, பார்வையாளர் படிக்கட்டில் நின்றிருந்த மைக், "கதவு சாத்தியாச்சு!" என்று கத்திவிட்டார். அடுத்த ஆட்டத்தில் ஐம்பது பேர் கத்தினார்கள். இப்போது படிக்கட்டு முழுக்கக் கத்துகிறது. பழைய வீடுகளை இடிக்கிற தொழில் செய்யும் ஒருவர், ஒரு நிஜ மரக்கதவையே கொண்டுவந்துவிட்டார். நான்கு பேர் அதைத் தூக்கிப் பிடிப்பார்கள், கதவு யாரையாவது சாய்க்கும்போதெல்லாம் மற்றவர்கள் அதில் மடேர் மடேர் என்று குத்துவார்கள்.

அந்த சீசனில் கிளப்பின் நிலைமை படுமோசம். முதல் ஏழு ஆட்டமும் தோல்வி. சின்னப் பையன்கள் நிறைந்த அணி, எதிரியைப் பார்த்தாலே கால் பின்வாங்கியது. போன வருடமே ஓய்வு அறிவித்திருந்த கதவைப் பயிற்சியாளர் திரும்பக் கூப்பிட்டார். அவர் வந்து நின்றதும் பையன்கள் நிமிர்ந்தார்கள். அவர் பேசவே மாட்டார். ஸ்கிரம் என்று எட்டு எட்டுப் பேர் தலையை முட்டிக்கொண்டு தள்ளுகிற இடத்தில் முன்வரிசையில் குனிவார், அவ்வளவுதான். பக்கத்தில் குனிகிறவனுக்குப் பயம் போய்விடும். எட்டாவது ஆட்டத்திலிருந்து அணி ஜெயிக்கத் தொடங்கியது.

மைக் நான்கு நட்டையும் இறுக்கினார். யாரிடமும் சொல்லவில்லை. அந்த மாதத்தில் இது மூன்றாவது தடவை.

அன்றைக்கு மதியம் இன்னொன்று நடந்தது. கை கழுவிவிட்டு வந்த கதவு, சட்டை வைக்கிற அலமாரிகளுக்கு முன்னால் ஈரக்கையோடு நின்றார். ஒவ்வொரு எண்ணாகப் பார்த்தார். பதினாறு வருடமாக அவருடையது ஏழாம் எண். மைக் மெதுவாகப் போய் ஏழைத் தட்டிக் காட்டினார். "தூக்கக் கலக்கம் தம்பி" என்று சிரித்தார் கதவு. அந்தச் சிரிப்பு முகத்தில் சரியாக உட்காரவில்லை.

பொறுக்கமாட்டாமல் மறுநாள் மைக் அவர் வீட்டுக்குப் போனார். கதவு பயிற்சிக்குப் போயிருந்த நேரம். கதவின் மனைவி ஒரு பள்ளி அலுவலகத்தில் தட்டச்சு செய்கிறவர். மைக் அவரை அண்ணி என்றுதான் கூப்பிடுவார். விஷயத்தை எப்படி ஆரம்பிப்பது என்று மென்று விழுங்கிக்கொண்டிருந்தவரை அண்ணி சமையலறைக்குள் கூட்டிப்போனார். இழுப்பறை ஒவ்வொன்றிலும் தட்டச்சு செய்த சீட்டு ஒட்டியிருந்தது. கரண்டி. தீப்பெட்டி. மாத்திரை. அடுப்புக்கு மேலே பெரிய எழுத்தில், அணைத்துவிட்டாயா.

எல்லாவற்றையும் அண்ணி நிதானமாகவே சொன்னார். இரண்டு வருடமாக இப்படி இருக்கிறதாம். பெரிய மருத்துவரைப் பார்த்தார்களாம். வருடக்கணக்கில் தலையில் வாங்கிய அடிகள் என்றாராம் அவர், இனி ஒரு பலத்த அடி விழுந்தால் தன்னால் எதுவும் செய்ய முடியாது என்றும் எழுதிக் கொடுத்தாராம். அந்தக் காகிதத்தைக் கதவு கிழித்துப் போட்டுவிட்டார்.

"நீங்க சொல்லிப் பாத்தீங்களா அண்ணி?"

"சொல்லாம இருப்பேனா? நான் சொல்றது அவர் காதுல ஏறாது. நீங்க எல்லாரும் கத்துறீங்களே, அது மட்டும்தான் ஏறுது." அண்ணி ஒரு சீட்டின் ஓரத்தை நகத்தால் அழுத்தி ஒட்டினார். "அதை நிறுத்துங்க. உங்களால முடிஞ்சா."

மைக்கின் கன்னத்தில் அறை விழுந்தது போல இருந்தது. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

நேராகப் பயிற்சியாளரிடம் போனார். அவர் காதுகொடுத்துக் கேட்டார், கேட்காமல் இல்லை. கதவைத் திரும்பச் சேர்த்தபோதே கிளப் மருத்துவர் தகுதிச் சான்று தந்திருக்கிறார் என்றார். சனிக்கிழமை ஆட்டத்தில் தோற்றால் அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிடும், பாதிப் பையன்கள் வேறு கிளப்புக்குப் போய்விடுவார்கள் என்றார். கடைசி ஆட்டம், அதற்குப் பிறகு தானே கதவை வீட்டுக்கு அனுப்பி வைப்பதாகச் சொன்னார். பேசும்போது மைக்கின் முகத்தைப் பார்க்கவில்லை.

மிச்சம் இருந்தது கதவு ஒருவர்தான். வெள்ளிக்கிழமை குழிக்குள் இருவரும் தனியாக இருந்தபோது மைக் நட்டு விஷயத்தை உடைத்தார். சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தார். கதவு கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"எத்தனை வண்டி?"

"மூணு. நான் பாத்தது மூணு அண்ணே."

அவர் உள்ளங்கை கிரீஸைக் கால்சட்டையில் துடைத்தார். பிறகு சொன்னார்: "பஸ்ல ஏறினா எங்க இறங்கணும்னு சில நாள் தெரியல தம்பி. பொண்டாட்டி பேரைக் கூட ஒரு நாள் தேடினேன். ஆனா மைதானத்துல அந்த வெள்ளைக் கோட்டுக்குள்ள போயிட்டா, எங்க நிக்கணும்னு தெரியுது. நீ கத்தினா நான் யாருன்னு தெரியுது. அதையும் விட்டுட்டு நான் எங்க போய் உக்கார?"

கதவு கீழே வைத்த ஸ்பேனரை மைக் குனிந்து எடுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை படிக்கட்டில் உட்கார இடமில்லை. மைக் வழக்கமான இடத்தில் நின்றார், ஆனால் வாயைத் திறக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்களிடம் சன்னமாக விஷயத்தைச் சொல்லிப் பார்த்தார். ஒருவர் அவரைத் துரோகியைப் பார்ப்பது போலப் பார்த்தார். இன்னொருவர், "உனக்குத் தொண்டை போயிடுச்சுன்னா ஒதுங்கி நில்லுப்பா" என்றார். வேறு யாரோ ஆரம்பித்தார்கள். படிக்கட்டு எப்போதும் போலவே கத்தியது. இத்தனை வருடமாகத் தன் தொண்டையில்தான் எல்லாம் தொடங்குகிறது என்று நினைத்திருந்தவருக்கு அது ஒரு தனி அடி.

முதல் பாதி முடியும் நேரத்தில் ஒரு முழங்கால் கதவின் பொட்டில் இடித்தது. விழுந்தவர் உடனே எழுந்தார். எழுந்து போய் எதிரணி வரிசையில் நின்றார். ஒரு பையன் ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்துத் தங்கள் பக்கம் இழுத்துவந்தான். வேடிக்கை காட்டுகிறார் என்று நினைத்துப் படிக்கட்டு விழுந்து விழுந்து சிரித்தது. மைக் பயிற்சியாளர் பக்கம் கையைக் காட்டிக் காட்டிப் பார்த்தார். அந்த ஆள் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசி இரண்டு நிமிடம். நான்கு புள்ளி முன்னிலை. எதிரணி பந்தைக் கோட்டுக்குப் பின்னால் ஒருமுறை ஊன்றிவிட்டால் ஐந்து புள்ளி, எல்லாம் முடிந்தது. கோட்டுக்கு நான்கடி தூரத்தில் அவர்கள் முட்டிக்கொண்டிருந்தார்கள். கதவு முழங்காலில் இருந்தார். எழ முயன்றார், முடியவில்லை. எந்தப் பக்கம் ஓடவேண்டும் என்று தெரியாமல் தலையை இப்படியும் அப்படியும் திருப்பினார். பிறகு நிமிர்ந்து படிக்கட்டைப் பார்த்தார். அத்தனை இரைச்சலிலும் ஒரே ஒரு குரலைத் தேடுகிறார் என்று மைக்குக்குத் தெரிந்தது.

சத்தியமாக அவர் வாயைத் திறக்கக்கூடாது என்றுதான் இருந்தார். ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் பல்லைக் கடித்திருந்த தாடை தானாகத் திறந்துகொண்டது. "அண்ணே, வலது பக்கம்! கதவு சாத்தியாச்சு!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

கதவு எழுந்தார். வலது பக்கம் பந்தோடு பாய்ந்து வந்தவன்மீது முழு உடம்பையும் போட்டார். இருவர் தலையும் மோதிய சத்தம் மேலே வரைக்கும் கேட்டது. பந்து நழுவியது, விசில் ஒலித்தது, கிளப் தப்பித்தது.

சனம் உள்ளே பாய்ந்து அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றியது. அவர் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடியது. சந்தோஷத்தில் அழுகிறார் என்று நினைத்தார்கள். உடை மாற்றும் அறையில் இறக்கிவிட்ட பிறகு வாந்தி எடுத்தார், பிறகு கைகால் வெட்டி இழுத்தது. ஆம்புலன்ஸ் வரும்வரை மைக் தரையில் உட்கார்ந்து அவர் தலையை மடியில் வைத்திருந்தார். மூளையில் ரத்தக்கசிவு. மண்டையைத் திறந்து அறுவை செய்தார்கள். உயிர் தங்கியது.

ஏழு வாரம் கழித்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். வலது கை அசையாது. சில சொற்கள் வரும், அவை எதற்கானவை என்பது வராது. முதல் வாரம் ரசிகர்கள் கூட்டமாக வந்து வாசலில் நின்று பழைய கோஷத்தைப் போட்டார்கள். உள்ளே அவர் நாற்காலியிலிருந்து எழப்பார்த்து முகம் குப்புற விழுந்தார். அண்ணி வெளியே வந்து கைகூப்பினார். அதோடு வருவதை நிறுத்திக்கொண்டார்கள். கிளப்பில் அவர் படத்தைப் பெரிதாக மாட்டினார்கள்.

மைக் ஃபோர்மேனிடம் போய் மூன்று வண்டி விஷயத்தையும் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டார். அவரைக் குழியிலிருந்து எடுத்து வண்டி கழுவும் வேலையில் போட்டார்கள். நியாயம்தான் என்று அவருக்கே பட்டது.

அண்ணியைப் பார்க்கப் போகத்தான் கால் வரவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் எப்படியோ போனார். வாசலிலேயே நின்று, தான்தான் கத்தியது என்று சொன்னார்.

"தெரியும். உங்க குரல் எனக்குத் தெரியாதா? ரேடியோவுல கேட்டேன்." அண்ணி திட்டவில்லை, உட்காரவும் சொல்லவில்லை. "நர்ஸ் வாரத்துல நாலு நாள்தான் வரா. செவ்வாயும் வெள்ளியும் நீங்க வந்து குளிப்பாட்டணும். என்னால தூக்க முடியல."

மைக் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். கதவு எவ்வளவு சூடு தாங்குவார் என்று அவருக்குத் தெரியவில்லை. அண்ணி வந்து முழங்கையை நனைத்துக் காட்டிவிட்டுப் போனார். முதல் குவளை தண்ணீர் தோளில் விழுந்ததும் கதவு பயந்துபோய் இடது கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிடி இன்னும் இரும்பாகத்தான் இருந்தது. விடுவித்துக்கொள்ளாமல், மறு கையால் மைக் அடுத்த குவளையை முகந்தார்.