மூன்றாவது கேமரா

கேமரா நான்கும் உயிரோடுதான் இருந்தன, இயந்திரம்தான் நின்றுபோயிருந்தது. செர்ரிப் பழத்தில் நல்லது கெட்டது பிரிக்கும் கூடத்தில் நோரீன் கணினித் திரையை முறைத்துக்கொண்டு நின்றாள். கேமரா செய்தவன் கொடுத்த மென்பொருளில் படம் பளிச்சென்று ஓடியது. இயந்திரத்தை ஓட்டும் மென்பொருளிலோ பாதி கறுப்பு, மீதி கந்தல். கேபிளைப் பிடுங்கி மாட்டினாள். வேறு துளையில் செருகினாள். எல்லாவற்றையும் அணைத்துப் போட்டாள். ம்ஹூம், அசைந்து கொடுக்கவில்லை.

வெளியே ஜூலை வெயிலில் அவள் தம்பி டாரெலின் பழம் பெட்டி பெட்டியாகக் காத்திருந்தது. இரண்டு நாள் முன்பு மழை விட்டதும் ஹெலிகாப்டரை வாடகைக்குப் பிடித்து, மரங்களுக்கு மேலே தாழப் பறக்கவிட்டு, ஈரத்தை உதறி, வெடிக்காமல் காப்பாற்றிய பழம். இன்றே பிரித்துக் குளிரறைக்குள் ஏற்றாவிட்டால் வருஷ உழைப்பு சாறாய்ப் போகும்.

"என்னக்கா, உன் நாலு கண்ணும் அவிஞ்சு போச்சா?" என்றான் டாரெல் வாசலில் நின்று.

"வாயை மூடுடா. யார் இதுல கைவச்சது?"

டாரெல் உள்ளே நின்ற மர்வினைப் பார்த்தான். மர்வின் இப்போது மேலாளர், நோரீன் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவள். நோரீனும் அவனும் ஒரே வருஷம் பெல்ட்டில் பழம் பொறுக்கச் சேர்ந்தவர்கள். அவன் பிடரியைச் சொறிந்தான்.

"நான்தான். நேத்து சாயங்காலம் உன் தம்பியோட முதல் பெட்டிங்க ஓடுறப்போ, கேமராக்காரன் கொடுத்த அந்தப் புது மென்பொருளை ஏத்தினேன். 'நல்ல பழத்தையெல்லாம் கழிச்சுத் தள்றீங்க'ன்னு உன் தம்பி உயிரை வாங்கினான். நாலு படத்தை எடுத்து முகத்துக்கு நேரா காட்டலாம்னு பார்த்தேன். சும்மா பார்க்கிறதால என்ன கெட்டுடப் போகுது?"

கழிவுக் கணக்கை நம்பும் தோட்டக்காரன் இந்த யாகிமா பள்ளத்தாக்கில் இன்னும் பிறக்கவில்லை. ஆனால் டாரெலின் வாயை அடைக்கப் போய் அவன் பழத்தையே வெயிலில் நிறுத்தியது மர்வினால் மட்டும்தான் முடியும். நோரீனுக்கு எரிச்சலாக வந்தது.

கோளாறு பிடிபட்டுவிட்டது. கேமரா அனுப்பும் படத்தை வாசலில் நின்று வாங்கி உள்ளே கொடுக்க, டிரைவர் என்று ஒரு சின்ன நிரல் கணினிக்குள் உண்டு. புது மென்பொருள் தன் டிரைவரையும் கையோடு கூட்டி வந்திருந்தது. காலையில் கணினி முழித்ததும் அது வாசலில் முந்திக்கொண்டு நின்றுவிட்டது. ஒரு வாசலுக்கு இரண்டு காவலாள் என்றால் வேறு என்ன நடக்கும்?

அதைக் கழற்றி எறியும் முன், மர்வின் எடுத்து வைத்த படங்களை ஒருமுறை திறந்தாள். இயந்திரத்தின் திரையில் பழத்தைப் பார்க்கவே முடியாது. நல்லதற்குப் பச்சைப் புள்ளி, கழிவுக்குச் சிவப்புப் புள்ளி, அவ்வளவுதான். இங்கே முழுப் பழமும் தெரிந்தது.

"மர்வின், மூணாவது கேமராவுல காம்புகிட்ட ஒரு கறுப்புக் கோடு விழுது பாரு."

"வெடிப்புதான். மழை பெஞ்சிருக்குல்ல?"

"எல்லாப் பழத்துலயும் ஒரே பக்கமாவா வெடிக்கும்?"

மர்வின் குரலைத் தணித்தான். "அது யார் பழம்னு நினைவிருக்கட்டும், நோரீன். பின்னாடி இன்னும் மூணு தோட்டத்துச் சரக்கு நிக்குது. இன்னொரு தடவை நின்னா, தம்பிக்காக நிறுத்திட்டாள்னுதான் பேசுவாங்க. என்னாலயும் உன்னைக் காப்பாத்த முடியாது. முதல்ல ஓட்டு."

அவன் சொன்னதில் பொய்யில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. புது டிரைவரை நீக்கினாள், பழையதை வாசலில் நிறுத்தினாள், கணினியை மறுபடி எழுப்பினாள். திரையின் நான்கு கட்டங்களிலும் பச்சையும் சிவப்பும் துள்ளின. மர்வின் அவள் தோளில் தட்டிவிட்டு மாடியேறிப் போனான். டாரெல் தொப்பியைக் கழற்றி ஆட்டினான்.

நோரீன் இயந்திரத்துக்கு அடியில் குனிந்தாள். மூன்றாவது கேமராவின் பக்கத்து விளக்கில் பாதி செத்திருந்தது. அதன் நிழலைத்தான் இயந்திரம் வெடிப்பென்று எண்ணிக்கொண்டிருந்தது. அங்கிருந்து, கழித்த பழம் வந்து விழும் சரிவுக்குப் போனாள். பழம் பொலபொலவென்று கொட்டிக்கொண்டிருந்தது. ஒன்றை எடுத்துத் திருப்பினாள். கீறல் இல்லை. இன்னொன்று. அதிலும் இல்லை. பத்துக்கு ஒன்றுதான் உண்மையிலேயே வெடித்திருந்தது. மாடிச் சன்னலில் மர்வினின் முதுகு தெரிந்தது.

ஒரு பழத்தை வாயில் போட்டாள். நல்ல இனிப்பு. கொட்டையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் அழுத்தினாள்.

பெல்ட் நின்றது. வாசலில் டாரெலின் சிரிப்பும் நின்றது. மாடிக் கதவு படாரென்று திறந்தது. மர்வின் இரும்புப் படிகளில் தடதடவென்று இறங்கி வர, நோரீன் கழிவிலிருந்து இரண்டு கையும் நிறைய அள்ளி, ஏந்திக்கொண்டு நின்றாள்.