ஒரு கிண்ணக் கசப்பு

கீழ்வானம் வெளுத்து, மழையில் நனைந்த மாடங்களின்மேல் இளவெயில் படர, நெருங்கி நின்ற அடுக்குவீடுகளின் பலகணிகள் ஒவ்வொன்றாய்த் திறந்துகொண்டிருந்த வேளையில், மூன்றாம் தளத்துச் சிற்றறையில் தையற்காரர் ஒருவர் கதவையே நோக்கி அமர்ந்திருந்தார். மனைவியை இழந்து ஆறாண்டுகளாய், ஊசியும் நூலுமன்றி உடன்பேச ஓர் உயிரின்றி வாழ்ந்த அவரைச் சென்ற கோடையில் நீரிழிவும் பற்றியிருந்தது.

அதனை அறிந்த நாள்முதல், கீழ்த்தளத்தில் தனித்திருந்த முன்னாள் ஆசிரியை, பாகல் இலையும் வெந்தயமும் சுண்டக் காய்ச்சிய குடிநீரைக் கிண்ணத்தில் ஏந்தி நாள்தோறும் படியேறி வந்தார். அதே நோய்க்குக் கணவரைப் பறிகொடுத்த அவ்வம்மையார், தையற்காரர் பருகி முடிக்கும்வரை நின்று, மழையையும் மாடிப்படியின் உடைந்த கைப்பிடியையும் பற்றி ஏதேனும் பேசுவார். மருத்துவரின் மாத்திரையோடு இதனையும் விடாது பருகிய தையற்காரர்க்கு, நாவைச் சுருக்கிய அக்கசப்பைவிட இனியது அந்நாளில் பிறிதொன்றில்லை.

ஒரு நண்பகல் தையற்கூடத்தில் துணி வெட்டுகையில், விரல் நடுங்கி, வேர்வை பெருகி, நூலறுந்த பாவைபோல் அவர் சாய்ந்தார். மருத்துவமனையில் கண்விழித்தவரிடம் மருத்துவர் கேட்டார்:

"சர்க்கரை ரொம்ப இறங்கிடுச்சு. மாத்திரையோட வேற ஏதாவது சாப்பிடுறீங்களா?"

"இல்லைங்க டாக்டர்."

உண்மை உரைத்தால் காலைதோறும் வருபவர் வாராது போவாரே என்னும் அச்சம், உயிரச்சத்தினும் பெரிதாயிருந்தது. ஆனால் செய்தி கேட்டு ஓடிவந்து கட்டிலருகே நின்ற ஆசிரியை பொறுக்கவில்லை.

"பொய் சொல்றார் டாக்டர். தினமும் நான்தான் கஷாயம் குடுக்கிறேன்."

"ரெண்டுமே சர்க்கரையைக் குறைக்கும்மா. முன்னாடியே சொல்லியிருந்தா மாத்திரை அளவை மாத்தியிருப்பேன்" என்றார் மருத்துவர், சினமின்றி.

வீடு திரும்பியபின் ஆசிரியை மேலேறி வரவில்லை. ஐந்தாம் நாள் தையற்காரரே இறங்கிச் சென்றார்.

"கஷாயத்துக்காக வரலைங்க. சும்மா பேசிட்டிருக்கலாம்னு..."

கதவைப் பாதி திறந்து நின்றவரின் கண்கள் கலங்கின. "அவருக்கும் இதையேதான் காய்ச்சிக் குடுத்தேன். அவரும் டாக்டர்கிட்ட மூச்சு விடலை. உங்களைப் பார்த்தா அவர் முகம்தான் தெரியுது. என்னால முடியலை. உடம்பைப் பார்த்துக்குங்க."

கதவு ஓசையின்றி மூடியது. தையற்காரர் ஒவ்வொரு படியாய் மேலேறினார். நோய்க்கு மருந்து நாடுவோர் பலர். தனிமைக்கு வாய்த்த மருந்தை இழக்க அஞ்சி மறைத்து, மறைத்ததனாலேயே இழந்தோரும் இவ்வுலகில் உளர்.