ஸஃபார் அரசன் சொன்ன ஒற்றைச் சொல்

1.

இந்தக் கதை பிறந்த விதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைக் குறை சொல்லக்கூடாது. இத்தாலியில், பலெர்மோ நகரத்தில் எங்கள் தமிழ்ப் பாடசாலை ஆண்டு மலருக்கு ஆசிரியர் பத்மநாதன். போன மாதம் தொலைபேசியில் பிடித்தார். "பவுல் அண்ணை, உலகத்துப் பழைய தலைநகரங்கள் எண்டு ஒரு பகுதி போடுறம். ஏதென்ஸ், ரோமாபுரி எல்லாம் ஆக்கள் எடுத்திட்டினம். அரேபியா ஒண்டுதான் மிச்சம். ரெண்டு பக்கம் தாங்கோ" என்றார். சந்தை கலையும் நேரத்தில் மிஞ்சிய மீனைத் தலையில் கட்டுவதுபோலத்தான் கட்டினார். நானும் ஓம் என்றேன்.

நான் கடற்கரையோரம், ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு கடலுணவுக் கடையில் மீன் வெட்டுகிறவன். அரேபியா என்றால் எனக்குப் பேரீச்சம்பழம். ஆனால் என் மகள் ஜெனுஷாவுக்கு அந்தப் பக்கத்துப் பழைய மொழிகளில் பைத்தியம். ஸஃபார் என்ற பெயரே அவள் வாயிலிருந்துதான் என் காதுக்கு வந்தது. அவளிடம் கேட்டு எழுதலாம் என்றால், அவள் என்னோடு கதைத்துப் பத்தொன்பது நாள். ஆகவே கட்டுரையாக வரவேண்டியது இப்படித் திரும்பிவிட்டது. பத்மநாதன் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2.

தொடக்கம், முதல் முயற்சி: "யேமன் நாட்டு மலைமேட்டில், ஹிம்யர் அரசர்தம் தலைநகராய் விளங்கிய ஸஃபார் மாநகரம், அந்நாளில்…"

(வெட்டிவிட்டேன். 'விளங்கிய' வந்தால் விமலராணி படிக்கமாட்டாள். விமலராணி என் மனைவி, என் எழுத்துக்கு இருக்கிற ஒரே வாசகி. அதுவும் சோறு வடியும் நேரம் மட்டும்.)

இரண்டாம் முயற்சி: "ஒரு நகரத்துக்கு எத்தனை பெயர்?"

இது பரவாயில்லை. கிரேக்கக் கப்பல்காரர்கள் அந்த நகரத்தைத் தங்கள் நாக்குக்கு ஏற்றபடி 'சஃபார்' என்று எழுதிக்கொண்டார்கள். அதன் அரசர்களோ 'சபாவுக்கும் ரைதானுக்கும் அரசர்' என்று கல்லில் வெட்டினார்கள். சபா நாட்டின் பெயர்; ரைதான் ஸஃபாரில் நின்ற அவர்களுடைய சொந்த அரண்மனை. இருக்கிற வீட்டின் பெயரை நாட்டின் பெயரோடு சரிசமமாக வைக்க ஒரு துணிவு வேண்டும். அரபியில் கிட்டத்தட்ட இதே ஒலியில் வெற்றி என்றொரு சொல் உண்டு. ஊர்ப்பெயர் அதிலிருந்து வந்ததா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஓமானிலும் இதே எழுத்துகளில் ஒரு பெயர் கிடக்கிறது. நான் ஒரு பக்கம் முழுக்க ஓமானைப் பற்றி எழுதிவிட்டுத்தான் கிழித்தேன்.

இன்றைக்கு ஸஃபார் ஒரு சிறிய கிராமம். பழைய கல்வெட்டுக் கற்களை எடுத்து வீட்டுச் சுவரில் வைத்துக் கட்டியிருக்கிறார்களாம்.

பலெர்மோவையும் ஒருகாலத்தில் அரபிகள் தலைநகராக வைத்து ஆண்டார்கள், 'பலர்ம்' என்றார்கள். வியா மக்வேதா வீதிக்குப் பக்கத்துச் சந்துகளில் தெருப்பெயர்ப் பலகைகளில் இத்தாலியனோடு அரபி எழுத்தும் இருக்கும். பத்து வயதில் ஜெனுஷா அண்ணாந்து பார்த்து, "அப்பா, இதென்ன எழுத்து?" என்று கேட்டாள். "அது டிசைன்" என்றேன். அன்றைக்கே ஒழுங்காகப் பதில் சொல்லியிருந்தால் விஷயம் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

3.

இனி ஸஃபாரின் கதை. பழைய அரபி அகராதிக்காரர்கள் எழுதிவைத்தது, என் சரக்கு இல்லை. வடக்கிலிருந்து ஓர் அரபி ஸஃபார் அரசனைப் பார்க்க வந்தான். அரசன் உயரமான ஒரு மேடையில் இருந்தான். வந்தவனைப் பார்த்து "திப்" என்றான். அரசனின் மொழியில் அதற்கு உட்கார் என்று பொருள். வந்தவனின் மொழியில் குதி என்று பொருள். அவன் விளிம்புக்குப் போய்க் குதித்தான், செத்துப்போனான்.

இந்தப் பாத்திரத்தை நான் நம்பவில்லை. மரியாதைக்காக உயிரை விடுகிறவன் ஏன் என்று ஒரு சொல் கேட்கமாட்டானா? அவனுக்கு ஒரு தயக்கம் கொடுத்துப் பார்த்தேன். "அவன் கீழே பார்த்தான், பிறகு அரசனின் முகத்தை…" அதற்கு மேல் ஓடவில்லை.

விமலராணியிடம் வாசித்துக் காட்டினேன். "சொன்ன உடனை குதிப்பினமே? விசரனாக்கும்" என்று நான்தான் சொன்னேன்.

அவள் அகப்பையைக் கழுவிக்கொண்டே, "பயந்து கொண்டு வந்து நிக்கிறவனுக்கு எந்தச் சொல்லும் அப்பிடித்தான் கேக்கும். உங்கடை மகளும் அப்பிடித்தானே ஏறிப் போனவள்" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. மிச்சத்தையும் அவள் சொன்ன பிறகுதான் விளங்கியது.

4.

நடந்தது இதுதான். ஜெனுஷாவுக்குப் பீசாவில் பழைய அரேபிய மொழிகள் படிக்க இடம் கிடைத்தது. நான் குறுக்கே நின்றேன். "செத்த மொழியைப் படிச்சு ஆரோடை கதைக்கப் போறாய்? இஞ்சை இருந்து நேர்ஸிங் படி" என்றேன்.

"உயிரோடை இருக்கிற மொழியிலை நீங்கள் என்னோடை என்ன கதைச்சனீங்கள்?" என்று கேட்டாள்.

சுள்ளென்று கோபம் ஏறியது. ஸ்டேஷனுக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

போனேன். எப்படிப் போகாமல் இருப்பது? ஒரேத்தோ பகுதியில் எங்கள் வீட்டிலிருந்து ஸ்டேஷன் நடக்கிற தூரம்தான், நான் ஓடினேன். ரயில் புறப்படுகிற நேரம். பெட்டி உள்ளே, அவள் வாசல்படியில். நான் மேடையின் விளிம்பில் நின்று கத்தினேன்: "வா."

அவள் என்னைப் பார்த்தாள். சரி என்பதுபோலத் தலையை ஆட்டினாள். உள்ளே போய்விட்டாள்.

(அடிக்குறிப்பு, கீழே போட இடமில்லாததால் இங்கேயே: இத்தாலியனில் 'வா' என்றால் போ. நான் கடையில் சேர்ந்த முதல் வாரம், தலைமைச் சமையல்காரர் "வா, வா" என்று விலகச் சொல்லிக் கலைத்த போதெல்லாம் நான் அவருக்குக் கிட்டக் கிட்டப் போய் நின்றேன். அந்த மனிதர் பயந்துவிட்டார். அவர்களுடைய 'வா' கொஞ்சம் குறுகல், எங்களுடையது நீட்டு. ரயில் சத்தத்தில் அதை யார் அளந்து பார்ப்பது?)

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். எனக்குக் கோபம் வந்தால் வீட்டிலும் இத்தாலியன்தான் வரும். வேலையிடத்துப் பழக்கம். அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"போ எண்டு கலைச்சுவிட்டனீங்களாம். அழுது அழுது சொன்னவள்" என்றாள் விமலராணி, நான் அந்தக் கதையை வாசித்துக் காட்டிய அன்று.

"நான் வா எண்டல்லோ சொன்னனான்."

"அதை அவளுக்குச் சொல்லுங்கோ. நான் தபால்காரி இல்லை."

நான் அவளுக்குத் தொலைபேசி எடுக்கவில்லை. வெட்கம். அதற்குப் பதிலாக ஒருவன் இரண்டாயிரம் வருடப் பழைய நகரத்தைப் பற்றி எழுதுவானா என்றால், எழுதுவான்.

5.

முடிவு ஒன்று: கதவு மூடுமுன் அவள் இறங்கி ஓடி வருகிறாள். (பொய். வெட்டிவிட்டேன்.)

முடிவு இரண்டு: குதித்தவன் சாகவில்லை. கால் மட்டும் முறிந்தது. ஸஃபாரிலேயே படுத்துக் கிடந்து, பத்தியம் சாப்பிட்டு, அந்த மொழியைப் படித்து, கடைசியில் அரசனுக்கே மொழிபெயர்ப்பாளன் ஆனான். (எனக்கு மிகவும் பிடித்தது. அகராதிக்காரர்கள் ஒத்துக்கொள்ளமாட்டார்கள்.)

முடிவு மூன்று: "அரசன் மேடையிலிருந்து இறங்கி வந்து…"

இந்த இடத்தில் தொலைபேசி அடித்தது. ஜெனுஷா.

6.

"ஸஃபாரைப் பற்றி எழுதுறீங்களாம், அம்மா சொன்னவா."

"ஓம்."

"திப் கதையோ?"

"ஓம்."

பிறகு, "அப்பா, அண்டைக்கு ஸ்டேஷனிலை நீங்கள் சொன்னது தமிழோ, இத்தாலியனோ?" என்று கேட்டாள். "திங்கட்கிழமையோடை இஞ்சை பதிவு முடியுது. நான் இன்னும் பதியேல்லை. தமிழ் எண்டால் நாளைக்கே வாறன். இத்தாலியன் எண்டால் பதிஞ்சுபோட்டு இஞ்சையே நிக்கிறன். உண்மையைச் சொல்லுங்கோ."

உண்மை தமிழ்தான். வீட்டுக்கு வா என்றுதான் கத்தினேன். அவள் இல்லாத வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை, இதை இவ்வளவு நேரம் பகிடியாக எழுதி மறைத்துக்கொண்டிருந்தேன். தமிழ் என்றால் வந்துவிடுவாள், படிப்பு போய்விடும். இத்தாலியன் என்றால் படிப்பாள், ஆனால் அப்பா கலைத்துவிட்டார் என்ற நினைப்போடு படிப்பாள். தமிழ்தான், ஆனாலும் நீ அங்கேயே நில் என்று சொல்லலாமே என்பீர்கள். தமிழ் என்ற சொல்லுக்குப் பிறகு அவள் ஒன்றையும் கேட்கமாட்டாள், பெட்டியை எடுத்துவிடுவாள். என் மகள் அல்லவா.

வாசகரே, இந்த முடிவை எழுத என்னால் ஏலாது. நீங்களே சொல்லிவிடுங்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன். அவள் பிறந்த நாளிலிருந்து 'பிள்ளை' என்று சேர்க்காமல் நான் அவளைக் கூப்பிட்டதில்லை. 'வா பிள்ளை' என்றிருந்தால் எந்தச் சத்தத்திலும் அது இத்தாலியன் ஆகியிராது. ஓடி வந்த மூச்சில் அந்தச் சொல் வராமல் போய்விட்டது. ஆகவே தமிழ் என்று சொன்னாலும் சரி, இத்தாலியன் என்று சொன்னாலும் சரி, பிள்ளை என்று சேர்த்துச் சொல்லுங்கள். அவள் லைனில் நிற்கிறாள்.