பெரிய வெள்ளியில் ஒரு கரண்டி

கலீலுல்லாவின் நாக்கு செத்து இரண்டு நோன்பு மாதம் ஆகிவிட்டது. விஷக் காய்ச்சலில் கிடந்து எழுந்தபோது உப்பு, புளிப்பு, காரம் எல்லாம் ஒரேயடியாகப் போயிருந்தன. வெந்நீரும் ரசமும் அவருக்கு ஒன்றுதான். ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரைக்கும் விருந்துச் சமையல் என்றால் முதலில் ஆளனுப்புவது அவருக்குத்தான். அப்படிப்பட்டவர் இதை வெளியே சொல்ல முடியுமா? சொன்னால் மறுநாளே வீட்டு அடுப்பில் பூனை தூங்கும்.

தெரிந்தவன் இக்னேஷியஸ் ஒருவன்தான். மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து, கடலுக்குப் பயந்து, இளவயதிலேயே கலீலின் அடுப்படிக்கு வந்து சேர்ந்தவன். அவன் ருசி பார்த்துச் சொல்வான், இவர் போடுவார். நோன்பு மாதத்தில் சமைக்கிறவன் நுனிநாக்கில் வைத்துத் துப்பிவிடலாம், குற்றமில்லை என்று மார்க்கம் படித்த ஆலிம்களே சொல்வார்கள். கலீலோ, தான் அதைக்கூடச் செய்வதில்லை என்று சொல்லித் திரிந்தார். என்ன மார்க்கப் பேணுதல் பார் என்று ஊரே மெச்சியது. செத்த நாக்குக்கு வந்த மரியாதை அது.

அவருக்கு ஒரு கிறுக்கு உண்டு. ஒவ்வொரு விருந்துக்கும் ஒரு புதுசு வேண்டும். பழகப் பழகப் பாலும் புளிக்கும், பிரியாணி மட்டும் புளிக்காதா என்பார். ஒரு நிக்காஹுக்கு ஆலுபுகாரா பழம் போடுவார், இன்னொன்றுக்குக் கசகசாவும் இளந்தேங்காயும் அரைத்து ஊற்றுவார். அந்தப் புதுசை நினைத்துக்கொண்டு படுத்தால்தான் மறுநாள் புகையில் போய் நிற்க அவருக்குக் கால் எழும். அது நின்றால் தானும் கூலிக்குக் கிளறுகிறவன்தான் என்று நம்பினார்.

அந்த வருஷம் ஏசு சிலுவையில் உயிர்விட்ட பெரிய வெள்ளி நோன்பு மாதத்திலேயே வந்து தொலைத்தது. அன்றைக்குத் தோல் மண்டி ஷாகுல் ஹமீது ராவுத்தர் வீட்டில் நோன்பு திறப்பு விருந்து. கலீல் தயிரை ஒதுக்கிவிட்டு மாங்காய்ச் சாற்றை ஊற்றிக் கறியை வேகவைத்தார். காய்க்குக் காய் புளிப்பு வேறு, கையளவு இதில் செல்லாது. அரிசியைப் போட்டு தம் கட்டுவதற்குள் யாராவது ருசி பார்த்தாக வேண்டும். மற்ற வேலையாட்கள் எல்லோரும் நோன்பு. அவர்களை நுனிநாக்கில் வைத்துப் பார்க்கச் சொன்னால், இத்தனை நாள் பேசிய பேச்சு ஊர் சிரிக்கப் போய்விடும்.

கரண்டியை இக்னேஷியஸிடம் நீட்டினார்.

"இன்னிக்கு ஆவாது பாய். சுத்த போசனம். கறி கூடாது."

"கறிய துன்னவா சொன்னேன்? சாறு தானே."

"சாறும் கறிதான். காலைலயே சொன்னேன், தயிரே ஊத்துன்னு. உன் கைக்குத் தெரிஞ்ச கணக்கு. கேட்டியா?"

"கைக்குத் தெரிஞ்சத ஆக்கறதுக்கு நான் இன்னாத்துக்கு?" கலீலுக்குக் கோபம் தலைக்கேறியது. "இத்தினி வருசமா என் சோத்த துன்னுட்டு, ஒரு கரண்டிக்கு யோசிக்கிற பாரு."

சொன்ன பிறகுதான் அவருக்கே சுருக்கென்றது. கொட்டிவிட்ட பேச்சை அள்ள முடியுமா? இக்னேஷியஸ் முறைக்கவில்லை. கரண்டியை வாங்கி ஒரு வாய் குடித்தான்.

"புளிப்பு தூக்கலா கீது. சக்கர ஒரு புடி போடு. உப்பு பத்தல."

போட்டார். மறுபடியும் ஒரு வாய் குடித்துவிட்டு, "இப்ப சரி," என்றான். பிறகு குழாயடிக்குப் போய்ச் சாம்பலைப் போட்டு வாயைத் தேய்த்துக்கொண்டே நின்றான்.

மக்ரிப் தொழுகை முடிந்து விருந்து தொடங்கியது. ஒரு பெரிய தட்டைச் சுற்றி நாலு பேராக உட்கார்ந்தார்கள். காலையிலிருந்து காய்ந்த வயிறுகள், போட்டது போன இடம் தெரியவில்லை. கலீல் தூணோரம் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒருத்தராவது கையை நிறுத்தி, இது என்ன என்று கேட்க மாட்டாரா?

ராவுத்தர் விரலை நக்கிக்கொண்டே கூப்பிட்டார்.

"கலீலு, இதுக்குத்தான் உன்ன உட்டு வேற ஆள வெக்கறதில்ல. எங்க மூத்தவன் நிக்காவுல துன்னேனே, அதே டேஸ்டு. வெள்ளக்காரன் பூட்டான், ரேசன் பூடுச்சி, உன் பிரியாணி மட்டும் அப்டியே கீது. பெருநாளுக்கும் இதே தான்."

மூத்தவன் நிக்காஹுக்குப் போட்டது ஆலுபுகாரா. சொல்ல வாய் வரை வந்தது. சொல்லி என்ன ஆகப்போகிறது? "சரிங்க," என்றார். இத்தனை வருஷத்துப் புதுசும் ஒரே பிரியாணியாகத்தான் இவர்கள் வயிற்றுக்குள் போயிருக்கிறது. யாருக்காக இப்படித் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டோம்?

அடுப்படிக்கு வந்தால், இக்னேஷியஸ் செங்கல்மேல் உட்கார்ந்திருந்தான்.

"கோயிலுக்குப் போவலியா?"

"இன்னிக்கு சிலுவைய முத்தி செய்யணும் பாய். இந்த வாய வச்சிகினு எப்டி முத்தம் குடுக்கறது?"

கலீல் கரித்துண்டைக் காலால் தள்ளினார்.

"அத்த உடு. மாங்கா புட்ச்சிதா அவுங்களுக்கு?"

"ஆளாளுக்குக் கேட்டாங்க," என்றார் கலீல். "இது இன்னா புதுசுன்னு ராவுத்தரே எயுந்து வந்துட்டாரு."

"அப்ப சரி." இக்னேஷியஸின் முகம் கொஞ்சம் தெளிந்தது. "பெருநாளுக்கு இன்னா புதுசு பாய்?"

"யோசிக்கணும்," என்று சொல்லிவிட்டு, கலீல் காலிக் குண்டானைக் கவிழ்த்துப் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தார்.